மூலபாடமும் மொறிஸ் மைனரும்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போருக்கு ஒரு விதி உண்டு. மேலே எழுதியிருக்கும் பெயரை நம்பி உள்ளே இருப்பதைத் தீர்மானித்தல் ஆகாது. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியது இதன்பொருட்டே. இவ்விதியைப் பல்லாண்டு போதித்து வந்தவன் நான். போதித்தவனே அதனை மறந்து, ஒரு மோட்டார் வண்டியின் முன் மாணவனாய் நின்ற கதையைச் சொல்லுகிறேன்.

தந்தையார் எமக்கு விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் ஒன்று உண்டு. பதிவுப் புத்தகத்தில் அதன் ஆண்டு 1958. அண்மையில் ஒருநாள் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. கிளச் தட்டுத் தேய்ந்துவிட்டது. எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குச் சேர்ப்பதும், வேண்டாதபோது பிரிப்பதும் கிளச்சின் தொழில். பதிவுப் புத்தகத்தோடு கொழும்புக்குச் சென்றேன்; ஆண்டைச் சொன்னேன். கடைக்காரர் அவ்வாண்டுக்குரிய ஆறேகால் அங்குலத் தட்டைத் தந்தார். அவர்மீது குற்றமில்லை. கேட்டதைத் தந்தார்.

எங்களூர் மெக்கானிக் எழுபதைக் கடந்தவர். தட்டைப் பார்த்தார். வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து சிரித்தார்.

"பண்டிதர், புத்தகத்தைப் பாத்து வாங்கினியளோ, காரைப் பாத்து வாங்கினியளோ?"

"புத்தகத்தைப் பார்த்துத்தான், அண்ணை."

"அப்ப ஒருக்கால் குனிஞ்சு பெட்டியைத் தடவிப் பாருங்கோ."

தடவினேன். கியர்ப் பெட்டியின் புறத்தே வரம்பு வரம்பாய்ப் புடைப்புகள் கையில் தட்டுப்பட்டன. அவர் விளக்கினார்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 வரை உற்பத்தியாயிற்று. புறத்தோற்றம் பெரிதும் மாறவில்லை. அகமோ மாறிக்கொண்டே வந்தது. 1956 இல் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1962 இல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் இடம்பெற்றன. முன்னதன் கியர்ப் பெட்டி வழுவழுப்பானது. கிளச் ஆறேகால் அங்குலம். பின்னதன் பெட்டி வரம்புடையது. கிளச் ஏழேகால் அங்குலம்.

ஓர் அங்குலந்தானே, எப்படியாவது பூட்ட இயலாதா என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். எஞ்சினின் பின்புறத்துச் சுழல்சக்கரமும் கிளச் மூடியும் அந்த அளவுக்கு இணங்கவே அமைந்தவை. ஒரு சீர் பிழைத்தால் தளை தட்டும் என்பதை வேறு யாருக்கும் சொல்லலாம், எனக்குச் சொல்லவேண்டுமா?

எஞ்சினின் இலக்கத்தையும் துடைத்துக் காட்டினார். '10 எம். ஏ.' என்று தொடங்கியது. அது 1098 இன் அடையாளம். இனிப் பின்னச்சு. கியரை நியூற்றலில் விட்டு, முன்சில்லுகளுக்குக் கல்வைத்து, பின்சில்லு ஒன்றை மாத்திரம் ஜக்கில் உயர்த்தினார். அதனை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, நடுத்தண்டு எத்தனை தரம் சுழல்கிறது என்று என்னை எண்ணச் சொன்னார். நான்கரைக்குச் சற்றே மேல். ஒன்பது பல்லும் நாற்பத்தொரு பல்லும் கொண்ட 948 இன் பின்னச்சு அது. 1098 இனதாயின் முப்பத்தெட்டுப் பல். தண்டு நாலேகாலுக்குச் சற்றுக் குறைவாகவே சுழலும்.

ஆகவே உடலும் பின்னச்சும் 1958 க்குரியன. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் 1962 க்குப் பிந்தியன. "இடைச்செருகல்!" என்றேன். "செருகினவர் யார்?"

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "உங்கட ஐயாவும் நானுந்தான்."

1990 இன் பின் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். எங்கள் வண்டியின் பழைய எஞ்சின் அதிலே மாண்டுபோயிற்று. உடைந்து கிடந்த வேறொரு மைனரை விலைக்கு வாங்கி, அதன் எஞ்சினையும் பெட்டியையும் கழற்றி, குப்பிவிளக்கு வெளிச்சத்தில் இருவரும் பூட்டினராம்.

"ஊரிலை எத்தினை பிள்ளைத்தாச்சியள் இந்தக் காரிலை ஆசுப்பத்திரிக்குப் போனவை தெரியுமே? ஐயா ஒருத்தரிட்டையும் காசு வாங்கேல்லை."

நான் அப்போது ஊரில் இல்லை. தந்தையார் இதனை ஒருநாளும் சொன்னதில்லை. பதிவுப் புத்தகமும் சொல்லவில்லை. பெட்டியின் வரம்பு சொல்லிற்று.

ஏழேகால் அங்குலத் தட்டு வந்தது, பூட்டினோம், வண்டி ஓடுகிறது. அன்றிரவே ஒரு தாளில் எஞ்சின் இலக்கம், பெட்டியின் வகை, கிளச்சின் அளவு, பின்னச்சின் பற்கள் யாவும் எழுதிப் பதிவுப் புத்தகத்தினுள் வைத்தேன். கீழே, மாற்றியவர் இருவர் பெயரையும் எழுதினேன். இடைச்செருகல் என்று கண்டதும் நீக்கிவிடுதல் பதிப்பாசிரியன் கடமையன்று. யார், எப்பொழுது, எதன்பொருட்டுச் சேர்த்தார் என்று குறித்துவைத்தலே கடமை.