உங்களுக்குத் தெரியுமா? காலனுக்கும் களைப்புண்டு!

சித்திரா பூரணையன்று கோயிலில் கூடிச் காலனின் கணக்கரான சித்திரபுத்திரனார் கதையைப் படிக்கக் கேட்டு, கஞ்சி வார்த்துப் பகிர்ந்துண்ணும் மட்டக்களப்பு வாவிக்கரைத் தமிழருக்கு, பிரான்சின் மொன்பெலியே நகரத்து மேஜிக் டிசைன் ஸ்டூடியோஸ் சிருஷ்டித்து 2023 மார்ச்சில் முழுவடிவில் வெளிவந்த ‘ஹேவ் எ நைஸ் டெத்’ என்னும் கணினி விளையாட்டு சிறிதும் அந்நியமாகத் தோன்றாது. அதன் நாயகன் சாட்சாத் காலனே! கட்டுக்கடங்காத ஊழியர்கள் வரம்பின்றி ஆன்மாக்களை அனுப்பிவைக்க, காகிதக் குவியலில் அமிழ்ந்து, ஓய்வுக்கு ஏங்கிய அவன், அரிவாளேந்தி, மின்தூக்கியில் ஏறி, இலாகா இலாகாவாகச் சென்று அவர்களை அடக்கப் புறப்படுகிறான். கருமையும் சாம்பலும் இழையக் கையால் வரைந்த அச்சித்திரங்களில், கரிய அங்கியும் வெண்மண்டையோட்டு முகமுமாக நிற்கும் அச்சிற்றுருவத்தின் சோர்வைக் கண்டால் நகைப்பும் இரக்கமும் ஒருங்கே எழும்.

வீழ்ந்தால், பரமபதப் பலகையில் பாம்பின் வாய்ப்பட்ட காய்போல, மீண்டும் தன் அறைக்கே திரும்புவான். அடுத்த பயணத்திலோ அறைகளின் ஒழுங்கே மாறியிருக்கும். இவ்வகைக்கு ‘ரோக்லைட்’ என்று பெயர். 1980ஆம் ஆண்டின் ‘ரோக்’ விளையாட்டில் வீழ்ந்தவன் சகலமும் இழந்தான். அதன் வழிவந்த இவ்வகையிலோ, ஈட்டியவற்றில் சிறிதேனும் அவனுடன் தங்கும்.