வித்தை ஊருக்கு, வீடியோ எடுத்தவருக்கு

என் தங்கை வீட்டு மாடியில் ஆரி வகுப்பு நடத்துகிறாள். பகலில் நேரில் வருபவர்களுக்கு, இரவில் யூடியூபுக்கு. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டி, எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி அதன் மேல் போனை வைத்து, ஜாக்கெட் கைக்கான ஒரு மயில் டிசைனை நான்கு இரவுகள் படம் பிடித்தாள். மூன்று வாரம் கழித்து, அவளிடம் படிக்கும் பெண் ஒருத்தி ஒரு லிங்க் அனுப்பினாள். வேறொரு சேனல். பேச்சை எடுத்துவிட்டு இசை போட்டிருந்தார்கள். மூலையில் இருந்த பெயரை வெட்டியிருந்தார்கள். ஆள்காட்டி விரலில் குக்கர் சுட்ட தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. தன் கையை இன்னொருவர் பெயரில் பார்த்த அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "அக்கா, அந்த மயில் கழுத்துத் தையலை நானும் ஒரு டீச்சர் வீடியோவைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டேன். அப்போ நானும் திருடினவதானா?"

இல்லை. அவள் செய்தது வேறு, அவளுக்கு நடந்தது வேறு. அந்த வேறுபாடு தெரியாததால்தான் ஒருபக்கம் உழைத்தவர்கள் பறிகொடுத்துவிட்டு வாய்மூடி இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் நேர்மையாகக் கற்பவர்கள் பயந்து நடுங்குகிறார்கள்.

சட்டம் காப்பது எதை?

முதலில் ஒரு சொல். நம்மில் பலர் 'காப்புரிமை' என்கிறோம். அது புதிய கண்டுபிடிப்புகளுக்கான பேடன்ட். ஓவியம், வீடியோ, எழுத்து ஆகியவற்றுக்கு உரியது 'பதிப்புரிமை'. இந்தியாவில் அதற்கான சட்டம் 1957-ல் வந்தது.

இந்தச் சட்டம் ஒரு யோசனையையோ செய்முறையையோ யாருக்கும் பட்டா போட்டுத் தருவதில்லை. யோசனைக்கு ஒருவர் கொடுத்த வடிவத்தைத்தான் காக்கிறது. 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதியவர், 'நியூ டெல்லி' என்ற படம் தன் நாடகத்தின் நகல் என்று வழக்குப் போட்டார். கரு ஒன்றாக இருக்கலாம், கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிராணிக் ஹீலிங் பயிற்சிமுறை தொடர்பான வழக்கில் 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் இதே பாதையில்தான் போனது. பயிற்சியை விளக்கும் புத்தகத்துக்குப் பாதுகாப்பு உண்டு. பயிற்சியைச் செய்வதை யாரும் தனக்கு மட்டும் என்று பூட்டி வைக்க முடியாது.

நம் கைவேலைக்கு வருவோம். சங்கிலித் தையல் யாருடையது? ஆரி ஊசியே செருப்புத் தைப்பவர்களின் கொக்கி ஊசிக்கு உறவு. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தவர் அந்த ஊசியால் பட்டில் பூ வரைந்தார்கள். அங்கிருந்தும் இங்கிருந்தும் கை மாறி கை மாறி வந்த வித்தை அது. 15 புள்ளி வைத்து 8-ல் நிறுத்தும் இடுக்குப் புள்ளிக் கணக்கும், தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்து மேடு எழுப்பி அதன் மேல் தங்க இலை ஒட்டும் முறையும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் கற்கலாம், செய்யலாம், கட்டணம் வாங்கிச் சொல்லியும் தரலாம்.

ஆனால் அந்தத் தையலைக் காட்டி என் தங்கை எடுத்த வீடியோ அவளுடையது. அதில் பேசிய பேச்சும், அவளே பென்சிலால் வரைந்த மயிலும், வகுப்புக்கு எழுதிய குறிப்பும், எடுத்த படங்களும் அவளுடையவை. படைத்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்றோ, பதிப்புரிமைக் குறி போட்டிருக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. ஓவியத்துக்கு உரிமை வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும். வீடியோவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

கற்பவர் எதுவரை போகலாம்?

வீடியோவைப் பார்த்து வீட்டில் அப்படியே போட்டுப் பழகுவதில் தவறில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கும் படிப்புக்கும் சட்டத்தின் 52-வது பிரிவே இடம் தருகிறது. கற்ற தையலை வைத்து உங்கள் டிசைனில் ஜாக்கெட் தைத்து விற்கலாம். அதே தையலை உங்கள் துணியில், உங்கள் வார்த்தைகளில், உங்கள் மாதிரியோடு வகுப்பும் எடுக்கலாம்.

கோடு எங்கே விழுகிறது? டீச்சரின் வீடியோவை இறக்கி உங்கள் சேனலில் ஏற்றினால் அது மீறல். அவர் சொந்தமாக வரைந்த டிசைனை டிரேஸ் எடுத்துப் பலருக்குத் தைத்து விற்றாலும், அவர் மாணவர்களுக்குத் தந்த பிடிஎஃப்பை உங்கள் வகுப்பில் விநியோகித்தாலும் மீறல்தான். பணம் கட்டிச் சேர்ந்த வகுப்பின் வீடியோக்களை டெலிகிராம் குழுவில் போடுவதும் அப்படியே. "நான் காசு கொடுத்து வாங்கினது" என்பார்கள். வாங்கியது பார்க்கும் உரிமையைத்தான். பங்கிடும் உரிமையை அல்ல. பழகியதைப் படம் எடுத்துப் பெருமையோடு பகிர விரும்பினால், டிசைன் இன்னொருவரின் சொந்தக் கற்பனை என்னும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலான டீச்சர்கள் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள்.

பழைய படங்களைப் பார்த்து வரைபவர்களுக்கு ஒரு கணக்கு. ரவி வர்மா 1906-ல் மறைந்தார். அவர் ஓவியங்களின் உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 'பொன்னியின் செல்வன்' விஷயத்தில் கவனம் வேண்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை. ஆனால் அந்தத் தொடருக்கு வந்தியத்தேவனையும் குந்தவையையும் வரைந்து தந்த ஓவியர் மணியம் 1968-ல் மறைந்தார். அவர் ஓவியங்களுக்கு 2028 முடியும்வரை பாதுகாப்பு இருக்கிறது. கதை பொதுச்சொத்து ஆனதாலேயே படமும் பொதுச்சொத்து ஆகிவிடாது.

டிசைன் போட்டு நிறையத் தயாரிப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். துணி போன்ற பொருளில் பதியும் டிசைனை 1 முதல் 50 வரை தயாரிக்கும்போது பதிப்புரிமை துணை நிற்கும். தயாரிப்புமுறையில் 50-ஐத் தாண்டினால் அந்தத் துணை போய்விடும். அப்படி விற்கும் எண்ணம் இருந்தால், வெளியே காட்டுவதற்கு முன்பே 2000-ம் ஆண்டு டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்துவிடுங்கள்.

பெயர் போட்டால் போதுமா?

போதாது. பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. 'கிரெடிட்ஸ் டு ஓனர்', 'நோ காப்பிரைட் இன்டெண்டட்' என்று எழுதுவதால் மீறல் சரியாகிவிடாது. 'முப்பது வினாடி வரை எடுக்கலாம்' என்ற கணக்கும் சட்டத்தில் எங்கும் கிடையாது.

பெயரை நீக்குவதோ தனிக் குற்றச்சாட்டு. படைத்தவர் இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-வது பிரிவு காக்கிறது. உரிமையை விற்ற பிறகும் அது அவரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் அரசை எதிர்த்தே வழக்காடினார். சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அப்படியானால் வெறும் நுட்பத்தைக் கற்றதற்குப் பெயர் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் மனம் கசக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஈர வண்ணத்தின் மேல் ஈர வண்ணம் பூசி அரைமணி நேரத்தில் ஓவியம் தீட்டிக் காட்டிய பாப் ராஸை உலகம் அறியும். அதே முறையைத் தொலைக்காட்சியில் அவருக்கு முன்பே செய்துகாட்டியவர், அவருக்கும் கற்றுத் தந்தவர் பில் அலெக்ஸாண்டர். அந்த முறை இருவருக்கும் சில நூற்றாண்டுகள் மூத்தது. ஒருவரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனாலும் மாணவரின் புகழ் வளர வளர, தன்னைக் கைவிட்டதாக அலெக்ஸாண்டர் வருந்தினார். நீதிமன்றம் தீர்க்க முடியாத மனக்குறை அது. ஒரு வரி அதைத் தீர்க்கும்.

அந்த வரி தெளிவாக இருக்கட்டும்: "இந்தத் தையலை இன்னாரின் இந்த வீடியோவில் கற்றேன். டிசைன் என்னுடையது." அல்லது, "டிசைன் இன்னாருடையது, அனுமதியோடு தைத்தது." லிங்க்கையும் சேருங்கள். வீடியோவின் தொடக்கத்தில் வாயாலும் சொல்லுங்கள். விளக்கக் குறிப்பைத் திறந்து படிப்பவர் குறைவு.

பறிபோனால் என்ன செய்வது?

அழுதுகொண்டிருந்த தங்கையிடம் நான் முதலில் கேட்டது ஆதாரத்தைத்தான். வெட்டாத மூல வீடியோக் கோப்பு போனில் இருக்கிறதா? பென்சிலில் வரைந்த தாள் இருக்கிறதா? இருந்தன. அந்தச் சேனலின் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். திட்டிக் கமென்ட் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எதிராளி அழித்துவிட்டால் ஆதாரமும் போய்விடும்.

அடுத்து மரியாதையாக ஒரு செய்தி: "இது என் வீடியோ, இதோ அசல். இத்தனை நாளுக்குள் எடுத்துவிடுங்கள்." தெரியாமல் செய்தவர்கள் இதிலேயே இறங்கி வருவார்கள்.

பதில் இல்லையென்றால் அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார். யூடியூபில் அதற்கான படிவம் இலவசம். உடனே நீக்கச் சொல்லலாம், ஏழு நாள் அவகாசமும் தரலாம். புகார் ஏற்கப்பட்டால் அந்தச் சேனலுக்கு ஒரு ஸ்டிரைக். 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போகும் நிலை. புகாரில் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குத் தெரியக்கூடும் என்பதால், தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதிர்மனு கொடுத்தால், 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடுத்ததைக் காட்ட வேண்டும். இல்லையேல் வீடியோ திரும்ப வரலாம்.

இழப்பு பெரிது, எதிராளி அடங்கவில்லை என்றால் வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு மாவட்ட நீதிமன்றம். எதிராளி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 62-வது பிரிவு வழி செய்கிறது. தடை உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். தெரிந்தே செய்த மீறல் குற்றமும்கூட: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் ஏது என்று கேட்கும் பெண்களுக்கு: 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

முக்கியமான டிசைன்களை முன்கூட்டியே பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவு செய்வது நல்லது. பொருள் விற்பனையோடு தொடர்பில்லாத ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், விற்பனைப் பொருளில் வருவதற்கு 2,000 ரூபாய். சச்சரவு வந்தால் அந்தச் சான்றிதழ் உங்கள் பக்கம் பேசும்.

கையெழுத்துப் போடும் முன்

ஒரு நிறுவனம் கூப்பிட்டு, பணம் தந்து வகுப்பு வீடியோ எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அந்த வீடியோவின் முதல் உரிமை பணம் தந்தவருக்கே. வாடிக்கையாளர் பணம் தந்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் இதே விதிதான். ஆகவே பேசியதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் உரிமையை எழுதித் தந்தால், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாட்டில் என்று பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

புகார் ஆயுதம் அல்ல

"என் தையலை அவளும் போடுகிறாள்" என்று ஸ்டிரைக் கொடுக்கக் கூடாது. தையல் உங்களுடையது அல்ல. ஆதாரமில்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவர் 60-வது பிரிவின் கீழ் உங்கள் மேல் வழக்குப் போடலாம். புகார் உங்கள் மேல் வந்தாலும் பதற வேண்டாம். நீங்கள் எடுத்தது வீடியோவா, டிசைனா, வெறும் நுட்பமா என்று பாருங்கள். முதல் இரண்டு என்றால் நீக்கிவிட்டு மன்னிப்புக் கேளுங்கள். நுட்பம் மட்டும் என்றால் உங்கள் மூலக் கோப்புகளோடு எதிர்மனு கொடுங்கள்.

தங்கையின் புகாருக்கு நான்காம் நாள் அந்த வீடியோ இறங்கியது. அன்றிரவே அவள் தன் மயில் வீடியோவின் கீழே, தையலைக் கற்ற டீச்சரின் பெயரையும் லிங்க்கையும் எழுதினாள். இரண்டு நாளில் அந்த டீச்சர் பதில் போட்டிருந்தார். அந்தத் தையலை அவருக்குச் சொல்லித் தந்தவர் தெருமுனைக் கடையில் ஜரிகை வேலை செய்த ஒரு பாய்; இப்போது உயிரோடு இல்லை; அவர் கை எந்த வீடியோவிலும் இல்லை. அவர் பெயரையும் சேர்க்க முடியுமா என்று டீச்சர் கேட்டிருந்தார்.

அந்த வீடியோவின் கீழே இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன.