புதிய குருவானவர் வருகிறார்: நாமும் எம்மை அறிமுகஞ் செய்வோம்

சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவின் வடபுறத்தே, பெல்லெக்ரீனோ மலைக்கும் கல்லோ மலைக்கும் இடைப்பட்ட குடாவில் அமைந்திருக்கிறது மொண்டெல்லோ. மீனவர் குடியிருப்பும் சதுப்பு நிலமுமாகக் கிடந்த இவ்விடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வந்தரின் கடற்கரை வாசஸ்தலமாக மாறியது. 1913 இல் கடலுக்குள் தூண்களின் மேல் எழுப்பப்பட்ட குளிப்பு மண்டபம் இன்றும் அதன் அடையாளமாக நிற்கிறது. பலெர்மோவில் வாழும் எம்மவருட் பலர் வீட்டுப் பணியாலும் முதியோர் பராமரிப்பாலும் பிழைப்பவர்கள். இத்தகைய பெருமனைகளின் முன்வாசலை விட அடுக்களையையே அவர்கள் நன்கு அறிவர்.

இப்படியான ஊரின் பங்கொன்றுக்குப் புதிய குருவானவர் வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பார்ப்போம். ஆயரின் நியமனக் கடிதம் மக்கள் முன் வாசிக்கப்படும். பல இடங்களில் ஆலயத் திறப்புகள் அவர் கையில் அளிக்கப்படும். ஞானஸ்நானத் தொட்டி, பாவசங்கீர்த்தனத் தொட்டி, நற்கருணைப் பேழை ஆகியவற்றின் அருகே அவர் அழைத்துச் செல்லப்படுவார். பின்னர் அவர் தமது ஊரையும், பெற்றோரையும், முன்பு பணியாற்றிய பங்குகளையும் கூறித் தம்மை அறிமுகஞ் செய்வார். இத்தாலியில் பங்குத் தந்தையரின் பணிக்காலம் பொதுவாக ஒன்பது ஆண்டுகள். ஒரு பிள்ளை புதுநன்மை பெற்று, உறுதிபூசுதலும் பெற்று வளர்ந்துவிடப் போதிய காலம் அது.

கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் எமது தாய்க்கு அந்த அறிமுகத்தில் பாதிதான் விளங்கும். மீதியை, இங்கு பிறந்து இத்தாலிய மொழியிற் படிக்கும் மகள் காதோடு காதாகச் சொல்லுவாள். பூசை முடிந்ததும் ஊரவர் குருவானவரைச் சூழ்ந்து கைகுலுக்குவர். எம்மவரோ பக்கவாசலால் மெல்ல வெளியேறி விடுவர். “அவர் அவர்களுடைய சுவாமி, எங்களுக்கு விசாவே இன்னும் சரிவரவில்லை, நாங்கள் போய் என்ன சொல்வது?” என்பதே பலரது மனநிலை.

இந்த மனநிலை தவறானது என்பதையே நாம் இங்கு வலியுறுத்த விரும்புகிறோம். 1983 இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, கத்தோலிக்கர் ஒருவர் ஒரு பங்கைச் சேர்ந்தவராவது அங்கு வசிப்பதனாலேயே. மூன்று மாதம் தங்கும் எண்ணத்துடன் வந்து குடியேறினாலும், உண்மையில் மூன்று மாதம் தங்கிவிட்டாலும் போதும். அப்பங்கின் குருவானவர் அவருக்கும் பங்குத் தந்தையாகி விடுகிறார். காவல்துறை வழங்கும் வதிவிட அனுமதியை இச்சட்டம் கேட்பதில்லை. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரும் முழுமையான பங்கு உறுப்பினரே.

அதுமட்டுமன்று. பங்குத் தந்தையின் கடமைகளை வகுக்கும் 529 ஆம் விதி, அவர் குடும்பங்களைச் சந்திக்க வேண்டுமென்றும், ஏழைகளையும் துன்புறுவோரையும் தனித்திருப்போரையும், தாய்நாட்டை விட்டு அகன்றோரையும் சிறப்பான அக்கறையுடன் தேடிச் செல்ல வேண்டுமென்றும் பணிக்கிறது. தேடிச் செல்ல வேண்டியவர் அவரே. ஆயினும், தேடி வருபவருக்குக் கதவு எதுவென்று காட்டுவது எமது பங்கு அன்றோ?

புதிய குருவானவரும் ஒருவகையில் அந்நியரே. எமது மண்ணின் வரலாறு இதற்குச் சான்று. 1687 இல் கோவையைச் சேர்ந்த, அதாவது இன்றைய கோவா மாநிலத்தவரான, யோசவ் வாஸ் அடிகளார் இலங்கையில் வந்திறங்கினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தமையால் அவர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்தார். தம்மை இன்னாரென்று வாய்விட்டுச் சொல்ல இயலாத நிலையில், கழுத்திலே செபமாலையை அணிந்து யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையை அடையாளங் கண்டவர்களே அவருடைய முதற் பங்கு மக்களாயினர். சில்லாலை அவருக்கு அடைக்கலம் அளித்தது. தஞ்சம் தேடிய அந்தக் குருவானவரை 2015 சனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே புனிதராக அறிவித்தார்.

பலெர்மோ நகருக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பிரங்காச்சோ என்னும் வறிய பகுதியிற் பிறந்த யுசெப்பே புலீசி அடிகளார், 1990 இல் அங்குள்ள புனித கயத்தானோ பங்கின் பொறுப்பேற்றார். சிறுவர்களை மாபியாக் கும்பலின் பிடியிலிருந்து காப்பாற்ற 1993 இன் தொடக்கத்தில் ஒரு நிலையத்தை அமைத்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 15 அன்று, தமது 56 ஆவது பிறந்தநாளில், வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013 மே 25 இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

எமது தீவகத்திலும் இதுபோன்றதொன்று நிகழ்ந்தது. அல்லைப்பிட்டிப் பங்கைப் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 2006 ஆகஸ்ட் 20 இல் ஜிம் பிறவுண் அடிகளார் தமது உதவியாளருடன் காணாமற் போனார். அதற்குச் சில நாட்களின் முன்பு, ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் எறிகணைகளுக்குப் பலியாகினர். அவரிடம் இருந்தது சில வாரங்களே. ஆனாலும் அவர் எவருடைய குருவானவர் என்பதை அந்த மக்கள் ஐயமின்றி அறிந்தனர்.

ஆகவே, பங்கொன்றுக்கு வரும் குருவானவரை நாமே சென்று காண்போமாக. மொழி குறைவெனின் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லலாம். குடும்பத்தில் எத்தனை பேர், எந்த நேரத்தில் வேலை, ஞாயிறு காலையில் விடுமுறை உண்டா, நோயாளர் எவரேனும் உளரா என்பவற்றைச் சொல்லுவோம். தமிழிற் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பும் முதியோர் இருப்பின் அதனையும் தெரிவிப்போம். பெற்றோர் தமிழில் செபிக்க, பிள்ளைகள் இத்தாலிய மொழியில் ஞானோபதேசம் கற்கும் வீடுகளின் சிக்கலை எம்மைத் தவிர வேறு யார் அவருக்கு உணர்த்துவர்?

இன்னுமொன்றையும் அவருக்கு விளக்க வேண்டும். மொண்டெல்லோவுக்கு மேலே நிற்கும் பெல்லெக்ரீனோ மலையில், 1624 ஆம் ஆண்டுக் கொள்ளை நோயின்போது எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட புனித ரொசலியாவின் குகைக் கோயில் உள்ளது. அங்கு நெற்றியில் திருநீறும் பொட்டும் அணிந்த சைவப் பெருமக்களும் மெழுகுதிரி ஏற்றி வணங்குகின்றனர். புதிதாய் வருபவர் இதைக் கண்டு திகைக்கக்கூடும். மன்னாரின் மடு மாதா சந்நிதியில் சைவரும் கத்தோலிக்கரும் அருகருகே முழந்தாளிட்ட மக்களே நாம் என்பதை அவர் அறிந்தால், அத்திகைப்பு அன்பாக மாறும்.

தம்மை அறிமுகஞ் செய்யும் குருவானவர் உண்மையில் ஒரு வினாவையே எழுப்புகிறார். “நான் இன்னார், நீங்கள் யார்?” என்பதே அவ்வினா. பெயரைக் கேட்டால் இலக்கத்தைச் சொல்லப் பழகிவிட்ட அகதி வாழ்வில், எமது பெயரையும் ஊரையும் முழுமையாகச் சொல்லக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்றை நாமாகவே கைவிடலாகாது. அடுத்த ஞாயிறன்று பக்கவாசலால் செல்லாமல், முன்வாசலில் அவர் கையைப் பற்றி எமது பெயரைச் சொல்லுவோம்.