கொள்ளைநோயும் சாரணர்களும்

சாரணர் என்றதும் கூடாரமும் கயிற்று முடிச்சும்தான் நம் நினைவுக்கு வரும். ஊரே நோயில் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

1918-ஆம் ஆண்டு இன்புளுவென்சாக் காய்ச்சல் உலகெங்கும் பரவியது. சுமார் 5 கோடிப் பேர் மாண்டனர் என மதிப்பிடுகிறார்கள். அது எந்தக் கிருமி என்பதே 1933-இல்தான் புலப்பட்டது. இருமல், தும்மல், எச்சில் இவற்றால் பரவுகிறது என்பதை மட்டும் மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். நியூயார்க் நகரில் பொது இடங்களில் துப்புவது 1896 முதலே குற்றம். ஆனால் சட்டத்தை யார் மதித்தார்கள்? அங்கேதான் சாரணர்கள் கைகொடுத்தார்கள். துப்பியவரிடம் நேரே சென்று ஓர் அட்டையை நீட்டுவார்கள். அவர் சுகாதார விதியை மீறிவிட்டார் என்று அதில் அச்சிட்டிருக்கும். பெரியவர் முன் ஒரு சிறுவன் அப்படி நிற்க எவ்வளவு துணிவு வேண்டும்! வெற்றிலை மென்றபடி வாசலில் துப்பும் நம் தாத்தாவிடம் யாராவது அதை நீட்டினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2020-இல் கோவிட் வந்தபோது நிலைமை வேறு. தெருவில் நிற்கவே வழியில்லை. மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு, பள்ளிகள் மூடின. ஏப்ரல் 3 முதல் 5 வரை பல நாட்டுச் சாரணர்கள் இணையம் வழியே கூடினார்கள்.

வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால்? முடிச்சுப் பழக ஒரு முழக் கயிறு போதும். அப்போது கடைக்கு வீட்டிற்கு ஒருவர்தான் போகலாம். அப்பா புறப்படும்போது, தனியாக இருக்கும் அடுத்த லயத்துப் பாட்டியின் மருந்துச் சீட்டையும் கொடுத்தனுப்பலாம். வந்த மருந்தை வாசற்படியில் வைத்துவிட்டு, நான்கு முழம் தள்ளி நின்று, "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று குரல் கொடுக்கலாம்.