2எக்ஸ் வேகத்தில் ஓட்டினாலும் குரல் கீச்சுக்குரல் ஆகாதது ஏன்?

ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பை அரை மணியில் முடிக்கணுமா? 2எக்ஸ் பட்டனைத் தட்டினால் போதும். வகுப்பெடுப்பவர் மூச்சுவிடாமல் பேசுவார், ஆனால் அவர் குரல் அவர் குரலாகவே இருக்கும். யோசித்துப் பார்த்தால், இது நடக்கக் கூடாத விஷயம்.

டேப் ரெக்கார்டர் காலத்தில் அப்படி நடந்ததும் இல்லை. கேசட் வேகமாகச் சுற்றினால் பாடகர் கீச்சுக்குரலில் பாடுவார். பேட்டரி தீர்ந்தால் கட்டைக்குரலில் இழுப்பார். ஒலி என்பதே அதிர்வுதானே? நொடிக்கு 200 முறை அதிரும் குரலை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் 400 முறை அதிரும், அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். 1958-ல் அமெரிக்க இசைக்கலைஞர் ராஸ் பேக்டசேரியன், டேப்பின் வேகத்தை மாற்றித்தான் 'சிப்மங்க்ஸ்' என்ற பாடும் அணில்களையே உருவாக்கினார்.

இன்றைய பிரௌசர் வேறு வழியில் போகிறது. படத்தில் பெரிய சிக்கல் இல்லை. பிரேம்களைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றினால் முடிந்தது, நடுவில் சில விடுபட்டாலும் கண் கண்டுகொள்ளாது. காது அப்படி ஏமாறாது. அதனால் ஒலியை மில்லிசெகண்ட் கணக்கில் குட்டிக் குட்டித் துண்டுகளாக வெட்டி, சிலவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்று லேசாகப் படியவைத்து ஒட்டுகிறது பிரௌசர். துண்டுக்குள் இருக்கும் அதிர்வு மாறுவதில்லை, அதனால் குரலும் மாறுவதில்லை.

கண்ட இடத்தில் ஒட்டினால் 'டக் டக்' என்று கேட்கும். முந்தைய துண்டு முடியும் அலையைப் போலவே இருக்கும் இன்னொரு அலையைத் தேடிப்பிடித்து ஒட்ட வேண்டும். குரோம் பயன்படுத்தும் 'டபிள்யூசோலா' முறையின் சாரம் இதுதான். பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்ஹெல்ஸ்ட், ரோலண்ட்ஸ் இருவரும் 1993-ல் முன்வைத்த முறை இது. யூடியூப் பிறப்பதற்கு 12 வருஷம் முன்பு!

'ஆ' என்று இழுக்கும்போது ஒரே அலை திரும்பத் திரும்ப வரும். அதில் நாலைந்து போனாலும் தெரியாது. ஆனால் 'ட்', 'ப்' போன்ற வெடிப்பொலி ஒரே ஒரு முறைதான் வரும். கத்திரி அங்கே விழுந்தால் வார்த்தை மழுங்கிவிடும். மெதுவாக ஓட்டும்போது கதை தலைகீழ். துண்டுகளைத் திரும்பப் பயன்படுத்தித்தான் ஒலியை நீட்ட வேண்டும். 0.5எக்ஸில் மிருதங்கப் பாடம் கேட்பவருக்கு ஒரு அடி இரண்டு அடியாகக் கேட்கலாம். தப்பு வாசித்தவர் மேல் இல்லை, சாஃப்ட்வேர் மேல்.

இணையதளம் உருவாக்குபவர்கள் 'ப்ரிசர்வ்ஸ்பிட்ச்' என்ற அமைப்பை அணைத்தால் பழைய கேசட் எஃபெக்ட் திரும்பிவிடும். வழக்கமாக அது ஆன் ஆகித்தான் இருக்கும். வேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஃபயர்பாக்ஸில் ஒரு அளவைத் தாண்டினால் படம் மட்டும் ஓடும், சத்தம் வராது. பெரும்பாலான ஒலியை வெட்டிவிட்ட பிறகு கேட்க என்ன இருக்கிறது?

சரி, பரீட்சைக்கு 2எக்ஸில் படிக்கலாமா? லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 2எக்ஸ் வரை வேகமாகப் பார்த்த மாணவர்களுக்குப் புரிதல் பெரிதாகக் குறையவில்லை. 2.5எக்ஸில் குறைந்தது. ஆனால் 2எக்ஸில் ஒலியில் பாதி போய்விடுகிறது, 1.5எக்ஸில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. புதுப் பெயரோ ஃபார்முலாவோ காதில் சரியாக விழவில்லை என்றால், அதே வேகத்தில் நாலு தடவை ரீவைண்ட் செய்வதைவிட வேகத்தை ஒரு படி இறக்குவதே மேல்.