வாசலில் வலை கட்டும் 'எக்ஸ்' சிலந்தி: விஷப்பூச்சின்னு அடிச்சுக் கொல்லாதீங்க!

மழை விட்டதும் முருங்கை மரத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே சைக்கிள் சக்கரம் போல வட்டமாக ஒரு வலை தொங்கும். அதன் நடுவில் மஞ்சள் பட்டை போட்ட சிலந்தி தலைகீழாக உட்கார்ந்திருக்கும். பார்த்ததுமே 'ஐயோ, விஷப்பூச்சி' என்று துடைப்பத்தை தூக்குபவர்கள்தான் அதிகம். ஆனால் இந்த சிலந்தியால் மனுஷங்க உயிருக்கு ஆபத்து இல்லை. ஈ, கொசு, அந்துப்பூச்சியை பிடித்துத் தின்று நமக்கு உதவிதான் செய்கிறது.

இது 'அரேனிடே' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் இதில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

அடையாளம் காண்பது எப்படி?

முதல் அடையாளம் வலை. நடுவில் இருந்து போக்ஸ் கம்பி போல நேர் இழைகள் ஓடும். அதன் மேல் சுற்றிச் சுற்றி இன்னொரு இழை இருக்கும். நேர் இழை ஒட்டாது, சுற்று இழைதான் பசை போல ஒட்டும். பூச்சி மாட்டுவது அதில்தான். பல வகைகள் பழைய வலையை தின்றுவிட்டு தினமும் புது வலை கட்டும்.

அடுத்தது உடம்பு. வயிறு உருண்டு பெருத்து, முன்பகுதி மேல் சாய்ந்தது போல இருக்கும். கால்களில் முள் முடி இருக்கும். கண்கள் 8. நடுவில் 4 கண், இரண்டு ஓரத்திலும் ஒட்டினாற்போல 2 கண். இத்தனை கண் இருந்தும் பார்வை மந்தம்தான். இழை அதிர்வதை வைத்தே பூச்சி மாட்டியதை தெரிந்துகொள்ளும்.

நம்மூரில் 3 வகை

'எக்ஸ்' சிலந்தி: 8 காலையும் இரண்டிரண்டாக சேர்த்து வைத்திருப்பதால் 4 கால் மாதிரி தெரியும். வலையில் வெள்ளையாக கோணல்மாணல் தையல் போட்டிருக்கும். தொட்டால் வலையை ஊஞ்சல் போல ஆட்டும். பெண் பெரியது. ஆண் அதில் பாதிகூட இருக்காது.

முள் சிலந்தி: நண்டு மாதிரி அகலமான, கெட்டியான முதுகு. ஓரத்தில் 6 முள் நீட்டிக்கொண்டிருக்கும். பயமுறுத்தும் தோற்றம்தானே தவிர குத்தாது.

பழுப்பு சிலந்தி: பகலில் இலைக்குள் ஒளிந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் விளக்கு வெளிச்சத்துக்கு பக்கத்தில் வலை கட்டும்.

இது வேற, அது வேற

வீட்டு மூலையில் ஒட்டடை கட்டுவது வேறு குடும்பம். சுவரில் வேகமாக ஓடும் பெரிய தட்டை சிலந்தி வலையே கட்டாது. வயலில் நெற்பயிருக்கு நடுவே வட்ட வலை கட்டும் ஒல்லியான நீளச் சிலந்தியும் இந்த குடும்பம் அல்ல. அதற்கு தாடை பெருசு, வலையின் நடுவில் ஓட்டை இருக்கும். பயிரை கெடுக்கும் பூச்சிகளை தின்பதால் அதுவும் விவசாயிக்கு நண்பன்தான்.

அக்கிக்கு காரணம் சிலந்தியா?

உடம்பில் ஒரு பக்கமாக கொப்புளம் வந்தால் 'எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துடுச்சு' என்று சிலர் நினைத்து, காவி பூசி அக்கி எழுதிக்கொள்கிறார்கள். அக்கிக்கும் சிலந்திக்கும் சம்பந்தமே கிடையாது. எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பிலேயே தங்கி, பல வருஷம் கழித்து மீண்டும் கிளம்புவதுதான் அக்கி. 3 நாளுக்குள் டாக்டரிடம் போய் மாத்திரை ஆரம்பித்தால் நல்ல பலன் கிடைக்கும். கண் பக்கத்தில் கொப்புளம் வந்தால் ஒருநாள்கூட தள்ளிப்போடக்கூடாது. பார்வைக்கே ஆபத்து.

வட்ட வலை சிலந்தி கையில் பிடித்து நசுக்கினால்தான் கடிக்கும். லேசான வலி, சிவப்பு தடிப்பு இருக்கும். சோப்பு போட்டு கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். மூச்சு வாங்கினாலோ, வீக்கம் பரவினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

நடக்கிற வழியில் வலை இருந்தால் ஓரத்து இழையை மட்டும் குச்சியால் அறுத்து விடுங்கள். சிலந்தி தானாகவே வேறு இடம் பார்த்து வலை கட்டிக்கொள்ளும்.