மாத்திரை கைவிட்டால் ஊசி உண்டு

பிள்ளைகள் உறங்கிய பிறகு மட்டுமே கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளக்கூடிய விஷயங்கள் சில உண்டு. அந்த நேரத்தில்கூடப் பேச நா எழாமல் பலர் மனத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடும்பத்தின் நிம்மதியைக் கெடுக்கிற ஒன்றைக் குடும்பப் பத்திரிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

வேண்டிய நேரத்தில் ஆணுறுப்பு விறைக்காமல் போவதையும், விறைத்தாலும் நிலைக்காமல் போவதையும் "ஆண்மைக் குறைவு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயர்தான் பாதித் துன்பத்துக்குக் காரணம். மனக்கவலையாலும் இந்தக் குறை வரும். ஆனால் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தக் குழாயிலோ நரம்பிலோதான் கோளாறு இருக்கும். காலில் புண் ஆறவில்லை என்று டாக்டரிடம் போகிறோமே, இதுவும் அதைப் போன்றதுதான்.

இனிப்புநீரும் இந்தக் குறையும்

ரத்தம் வேகமாகப் பாய்ந்து உள்ளே தேங்குவதால்தான் உறுப்பு விறைக்கிறது. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிகரெட் ஆகிய நான்கும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. நீண்ட நாள் இனிப்புநீர் நரம்பையும் கெடுத்துவிடும். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எத்தனை வீடுகளில் இந்த மௌனம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய், இருதயத்துக்குப் போகும் குழாயைவிட மெல்லியது. அடைப்பு ஏற்படும்போது மெல்லிய குழாய் முதலில் சிரமம் காட்டும். அதனால் சிலருக்கு மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இந்தக் குறை தலைகாட்டுகிறது. இதற்காக டாக்டரிடம் போகிறவர் தம் உயிரைக் காக்கும் பரிசோதனைக்கும் சேர்த்தே போகிறார்.

ஒளித்து வைத்த நோய்கள்

சுங்கை பூலோ என்றதும் நம் பெரியவர்களுக்கு நினைவு வருவது 1930-இல் அமைக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு. அன்று ஊரார் பார்வைக்கு அஞ்சி எத்தனையோ பேர் அந்த நோயை மறைத்தார்கள். குணப்படுத்தும் மருந்து வந்த பிறகும் வெட்கம் சீக்கிரம் விலகவில்லை. மறைத்த காலமெல்லாம் நோய் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. அதே ஊரில் 2006 முதல் பெரிய அரசாங்க மருத்துவமனை இயங்குகிறது. ஆனால் இந்த ஒரு குறைக்கு மட்டும் நம்மவர்கள் டாக்டரைத் தேடாமல் பாசார் மாலாமைத் தேடுகிறார்கள்.

ஆண்களுக்கென்று விற்கப்படும் பாக்கெட் கோப்பிகளிலும் பெயர் தெரியாத குளிகைகளிலும் சில்டெனாஃபில், தடலாஃபில் போன்ற மருந்துகள் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அந்தக் கோப்பியைக் குடித்தால் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊசி பிறந்த கதை

பிரான்ஸ் நாட்டில் ரொனால்ட் விராக் என்ற அறுவை மருத்துவர், பாப்பவரின் என்ற மருந்து ஆணுறுப்பின் ரத்தக் குழாயை விரித்து விறைப்பைத் தருவதை ஓர் அறுவை சிகிச்சையின்போது தற்செயலாகக் கண்டார். 1982-இல் அதை உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய சிறுநீரக மருத்துவர்கள் மாநாட்டில், ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டு வந்து மேடையிலேயே பலனைக் காட்டினார். சபை திகைத்துப் போனது. ஆனால் மனத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்த பல மருத்துவர்கள் அதன் பிறகுதான் ரத்தக் குழாயைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள். பின்னர் அல்ப்ரோஸ்டாடில் என்ற மருந்து வந்தது. 1995-இல் அமெரிக்க அரசு அதை இந்த ஊசிக்கென்றே அங்கீகரித்தது. 1998-இல்தான் சில்டெனாஃபில் மாத்திரை வந்தது.

மாத்திரை இருக்கும்போது ஊசி எதற்கு என்று கேட்பீர்கள். மாத்திரை வேலை செய்ய நரம்பு முதலில் சைகை கொடுக்க வேண்டும். இனிப்புநீர் நரம்பைக் கெடுத்திருந்தாலும், புரோஸ்டேட் சுரப்பி அறுவையில் நரம்பு பழுதாகியிருந்தாலும் அந்தச் சைகை வராது. ஊசி மருந்தோ நரம்பை எதிர்பார்க்காமல் நேரே ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. அதனால் மாத்திரை கைவிட்டவர்களிலும் பலருக்கு ஊசி பலன் தருகிறது. நைட்ரேட் சாப்பிடுவதால் மாத்திரையே கூடாதவர்களுக்கும் ஊசி பொருந்துமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

முதல் ஊசி டாக்டர் முன்னிலையில்

அந்த இடத்தில் ஊசியா என்று பயப்படாதவர் இல்லை. இன்சுலின் போடுவது போன்ற மெல்லிய, அரை அங்குல ஊசிதான் இது. குத்தும் வலி சிறிது. மருந்தினால் மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது உறுப்பில் வலி தோன்றலாம்.

முதல் ஊசியை வீட்டில் போடக்கூடாது. டாக்டர் 2.5 மைக்ரோகிராம் போன்ற சிறு அளவில் தொடங்குவார். முதுகுத் தண்டு நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு அதிலும் பாதி. விறைப்பு முழுதும் தணியும் வரை நோயாளி கிளினிக்கிலேயே இருக்க வேண்டும். அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காத விறைப்பைத் தரும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். பிறகே ஊசி போடும் முறையைக் கற்றுத் தந்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஊசியை உறுப்பின் பக்கவாட்டில் போட வேண்டும். மேலே நரம்பும் கீழே சிறுநீர்க் குழாயும் இருப்பதால் அந்த இரண்டு இடங்களும் ஆகா. ஒவ்வொரு முறையும் பக்கத்தை மாற்ற வேண்டும். போட்ட இடத்தைச் சுத்தமான பஞ்சால் சுமார் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். 5 முதல் 20 நிமிடத்தில் பலன் தெரியும். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தப் புற்று, அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆகாது. நாளடைவில் உறுப்பில் கட்டியோ வளைவோ தென்பட்டால் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நான்கு மணி நேரக் கணக்கு

இதை மட்டும் மறக்கவே கூடாது. விறைப்பு நான்கு மணி நேரம் ஆகியும் தணியவில்லை என்றால், நடுச்சாமமானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தேங்கிய ரத்தத்தை எடுத்தும் மாற்று மருந்து கொடுத்தும் அங்கே சரி செய்வார்கள். வெட்கப்பட்டு விடியட்டும் என்று காத்திருந்தால் உள்தசை கெட்டு, பிறகு எந்த மருந்துக்கும் மசியாமல் போகலாம். ஊசியால் வரும் பெரிய ஆபத்து இதுதான். அளவோடு போடுகிறவர்களுக்கு அது அரிதாகவே வருகிறது.

தாய்மார்களே, உங்களுக்கும்

கணவர் விலகிப் படுக்கிறார் என்றால் வேறு பெண்ணை எண்ணிச் சந்தேகப்படும் முன் அவருடைய இனிப்புநீர்ப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். "உங்கள்மேல் எனக்குக் குறை இல்லை, வாருங்கள், இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நெஞ்சில் இருக்கும் பாரம் பாதி இறங்கிவிடும். கைநடுங்கும் கணவருக்கு மனைவியே ஊசி போடவும் கற்றுக்கொள்ளலாம்.

கணவன்மார்களே, கொதிப்பு மாத்திரைதான் காரணம் என்று எண்ணி அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை இனிப்புநீர் மருந்து வாங்க அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது, டாக்டர் "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்பார். வழக்கம்போல் "ஒன்றுமில்லை" என்று எழுந்து வந்துவிடாமல் உள்ளதைச் சொல்லுங்கள். சர்க்கரை, கொழுப்பு, இருதயம் ஆகியவற்றைச் சோதித்து, தேவையானால் சிறுநீரகப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தருவார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்காமல், குறித்த நாளில் போய் வாருங்கள்.